மூணு பர்சன்ட்

கும்மிடிப்பூண்டி ரப்பர் கம்பெனியில், பேக்கிங் பெண்களுக்குத் தணிகைவேலின் கிரெடிட் கார்டுதான் குலசாமி. பன்னிரண்டு பேரும் கான்ட்ராக்ட். ஏழாம் தேதி சம்பளம் கவரில் ரொக்கமாக வரும். கவர் முழுசாக வீடு போனால் புருஷன் கையில் சிக்கும், சாயங்காலமே டாஸ்மாக்கில் கரையும். அதனால் கேட்டுக்கு உள்ளேயே பிரித்து, அந்த மாதத்து சிலிண்டர், கரண்ட் பில், ரீசார்ஜ், மளிகை எல்லாவற்றுக்கும் தணிகைவேலிடம் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அவன் லைன் லீடர், கம்பெனி ஆள். மாதம் முழுக்கத் தன் கார்டைத் தேய்த்து ஒவ்வொன்றாகக் கட்டித் தருவான். அதற்குத் தலைக்கு ஐம்பது ரூபாய் கூலி.

ஹெலனும் இரண்டு வருஷமாகக் கொடுத்து வந்தாள். ஜூலையில் அவள் புருஷன் ராபின் லோடு இறக்கும்போது கம்பிக் கட்டு சரிந்து கால் முறிந்தது. நாற்பதாயிரம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றது ஆஸ்பத்திரி. தணிகைவேல் வந்தான், கார்டைத் தேய்த்தான். அந்த நேரத்தில் அவன் காலில் விழலாம் போலிருந்தது ஹெலனுக்கு.

பத்தே நாளில் சீட்டைத் தள்ளி எடுத்து நாற்பதாயிரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் எண்ணி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“மேல ஆயிரத்து எரநூறு ஆவுதும்மா. மூணு பர்சன்ட். பேங்குக்காரன் புடுங்கிக்கிறான், நான் இன்னா பண்றது?”

அதற்காக அவள் கொலுசு கவரைப்பேட்டை அடகுக் கடைக்குப் போனது.

அக்டோபரில் ஒரு நாள் டீ நேரத்தில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் தணிகைவேல் தன் கூட்டாளி பாக்கியராஜிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“கேஷ்பேக்குடா. இவளுங்க வாங்குற வெங்காயத்துக்குக்கூட பேங்கு எனக்கு டப்பு குடுக்குது. ஹெலன் புருஷன் கால் ஒடஞ்சதுல மட்டும் எட்நூறு வந்துச்சு. அவ குடுத்த மூணு பர்சன்ட் தனி.”

“பாவம்டா அந்தக்கா.”

“இன்னா பாவம்? இன்னொரு காலும் ஒடஞ்சா பைக்கு டியூவே கட்டிடுவேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

ஹெலன் எழுந்து போய்ச் சண்டை போடவில்லை. போட்டால் ஆயிரத்து இருநூறை மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போவான். அது அவளுக்குப் பத்தாது.

மறுநாள் அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று பேங்குக்குப் போனாள். கல்பனா என்ற பெண் நாலு கார்டு நோட்டீஸைப் பரப்பினாள்.

“இத எடுத்துக்கோங்கக்கா. ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ.”

“பிளேன நான் கீழ நின்னு பாத்ததோட சரி.”

“அப்ப இது. பெட்ரோலுக்கு நல்ல கேஷ்பேக்.”

“எங்கூட்ல சைக்கிளுதான் கீது.” சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தாள். பின்பக்கம் ஒரு மாதத்துச் செலவு முழுக்க எழுதியிருந்தது. “இதுல எதுக்குலாம் காசு திரும்பும், எதுக்குத் திரும்பாது, அத்த மொதல்ல சொல்லு.”

கல்பனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். ஒரு கார்டில் ஐந்து பர்சன்ட். ஆனால் மாதம் நூறு ரூபாய்க்கு மேல் வராது, வருஷக் கட்டணமோ ஆயிரம். கொடுக்கிற கையாலேயே பிடுங்குகிற கார்டு. இன்னொன்றுக்குக் கட்டணமே கிடையாது. எதை வாங்கினாலும் ஒரு பர்சன்ட். பத்தாயிரம் டெபாசிட் வைத்தால் சம்பளச் சீட்டும் கேட்க மாட்டார்கள்.

“இதான்,” என்றாள் ஹெலன். “பில்லு எப்ப கட்டணும்?”

“அஞ்சாந்தேதி பில் வரும், இருபத்திரெண்டுக்குள்ள முழுசா கட்டிடணும். தவறினா வட்டி தோலை உரிச்சிடும்.”

“அப்ப ஏழாந்தேதி ஒருத்தன் வாங்குற பணம் அடுத்த மாசம் இருபத்திரெண்டு வரைக்கும் அவன் கையிலயே இருக்கும்?”

“ஆமாக்கா, அதுவரைக்கும் அந்தப் பணத்த வேற எதுக்கு வேணா சுத்தலாம்.”

ஆகஸ்டில் தணிகைவேல் கறுப்பு பைக் எடுத்திருந்தான். முன்பணம் அறுபதாயிரம். யாருடைய பணம் அது என்று இப்போது தெரிந்தது. அந்த மாதப் பில்லுக்கு அடுத்த மாதப் பெண்கள் காசு. அதற்கடுத்த பில்லுக்கு அதற்கடுத்த காசு. ஒரே ஒரு ஏழாம் தேதி கை வெறுங்கையானால் போதும், ஆள் குப்புற விழுவான்.

தீபாவளி போனஸ் ஆளுக்குப் பத்தாயிரம் வந்தது, டெபாசிட்டுக்குச் சரியாக. ஹெலன் ஒவ்வொருத்தியாகப் பிடித்தாள். அவன் சொன்னதையும் சிரித்ததையும் அப்படியே சொன்னாள். முத்தம்மாதான் இழுத்தாள்.

“கார்டு வாங்குனா கடன்காரி ஆயிடுவோம்டி.”

“அடுத்தவன் பைக்குக்கு பெட்ரோல் ஊத்திக்கினு கீறியே, அது இன்னா?”

நவம்பர் முடிவதற்குள் பன்னிரண்டு பேரிடமும் கார்டு இருந்தது. ஸ்கூட்டி வைத்திருந்த சோனியா மட்டும் பெட்ரோல் கார்டு எடுத்தாள்.

டிசம்பர் ஏழு. தணிகைவேல் நோட்டோடு கேட்டருகே நின்றான். பெண்கள் அவனைத் தாண்டிப் போய் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

“இன்னாங்கடி, கவர் வரலியா?”

“வந்துச்சுண்ணா,” என்றாள் சோனியா. ஆட்டோ நேராகக் கவரைப்பேட்டையில் பணம் போடும் மிஷினுக்குப் போனது.

மறுநாளே ஹெலனை மோல்டிங் மிஷின் பக்கம் மாற்றினான். சூட்டில் முழங்கை கொப்பளித்தது. இருபத்திரெண்டு வரைக்கும்தானே என்று அவள் ஊதிக்கொண்டாள்.

இருபதாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் வந்தான். “ஹெலனக்கா,” என்றான். அக்கா என்று கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. “பேஜாரா பூட்ச்சுக்கா. அறுபத்தஞ்சாயிரம் கட்டணும். ஆளுக்கு அஞ்சாயிரம் குடுக்கச் சொல்லுக்கா, பைக்க வித்துடுவேன் போலகீது.”

“மொதல்ல அந்த ஆயிரத்து எரநூறு. பேங்குக்காரன் புடுங்கிக்கினான்னு சொன்னியே.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய டிபன் பாக்ஸ் மூடியில் எண்ணி வைத்தான். ஹெலன் இரண்டு தரம் எண்ணி, மடித்து, சுருக்குப் பையில் போட்டாள்.

“இப்ப சொல்லுக்கா.”

“இன்னா சொல்றது? என் காசு வந்துடுச்சி.” ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டு மென்று முழுங்கினாள். “இன்னொரு கால் ஒடஞ்சா டியூ கட்டிடுவேன்னு சொன்னியேண்ணா. உனக்குத்தான் ரெண்டு கீதே.”

முத்தம்மாவுக்குச் சோறு புரையேறியது. தணிகைவேல் பெட்டி அடுக்கைப் பார்த்தான். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஹெலன் கொலுசை மீட்டாள். கடை வட்டியைப் பார்த்தால், அடுத்த பில்லில் வரப்போகும் முதல் கேஷ்பேக் ஐம்பத்தொரு ரூபாய் எந்த மூலைக்கும் பத்தாது. பரவாயில்லை.

ஜனவரியில் பைக் இல்லை. தணிகைவேல் ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்தான். அவன் நடந்து வருவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஹெலன் தினமும் பத்து நிமிஷம் முன்னால் வந்து, கொலுசுக் காலோடு கேட்டருகே நின்றாள்.