மேலே இருந்த நாலு சேலை

துணிச் சோதனைக்காரன் வீரபாகு அளந்தது நாலே நாலு சேலை. அதுவும் மூட்டையின் மேலே இருந்த நாலு. சண்முகவேல் நெய்து கொடுத்தது நாற்பது. நாலை அளந்து, சராசரியாக இரண்டு அங்குலம் குறைவு என்று நெசவாளர் சங்கத்தின் சோதனைப் புத்தகத்தில் எழுதிவிட்டு, மைத்துனன் வீட்டு விருந்துக்கு ஓடினான் அந்த மகராசன்.

படிக்காதவன் என்றால் போகட்டும் என்று விடலாம். சங்கத்துச் செலவில் சென்னையில் ஆறு வாரம் பாடம் கேட்டவன். அங்கே சொல்லிக் கொடுத்தது இதுதான். நெய்தவன் சரியாகத்தான் நெய்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு ஆரம்பி. சேலைகளைக் கலைத்து அங்கொன்று இங்கொன்றாக எடு. நாலுதான் அளந்தாயானால், உண்மையான சராசரி நீ கண்டதற்கு மூன்று அங்குலம் மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம், அதை வைத்து யார்மேலும் பழி போடாதே என்று கணக்குப் போட்டே காட்டியிருந்தார்கள். எல்லாம் அவன் நோட்டில் அழகான கையெழுத்தில் இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்?

யுத்த காலம். ரேஷன் கார்டுக்குத்தான் நூல். சேலையைக் குறைத்து நெய்து மிச்ச நூலை வெளியே விற்கிறான் என்று சண்முகவேலின் கார்டை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, சேலத்துக்கு அனுப்ப மூட்டையைப் பிரித்தபோது மீதி முப்பத்தாறையும் வீரபாகு அளந்தான். அத்தனையும் முழு எட்டு கஜம். அந்த நாலு சேலையின் மடிப்பில் மட்டும் தண்ணீர்க் கறை. அளந்த அன்றைக்கு மூட்டையை வண்டியில் வீரபாகுவே கொண்டுவரும்போது தூறல் போட்டது. படுதாவை இழுத்து மூடச் சோம்பல்பட்டு, தன் தலைக்கு மட்டும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தான். நனைந்தால் துணி சுருங்கும் என்று அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

சங்கச் செயலாளரிடம் தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நேரே சண்முகவேல் வீட்டுக்குப் போனான். தறி வெறுமனே கிடந்தது. சண்முகவேல் தானே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுங்க. சேலை குறையவே இல்லீங்க. கார்டு நாளைக்கே வந்துருமுங்க."

சண்முகவேல் ஊதுகுழலைக் கீழே வைத்தான்.

"தறிக்குப் பாவு நூல் போட்டவ எம் பொண்டாட்டி முத்தாயிங்க. படிச்சவரு அளந்து சொல்லிட்டாரு, நீதான் நூலைச் சுருட்டிட்டேன்னு அவளைக் கேட்டேன். உள்ளங்கையில சூடத்தைக் கொளுத்திச் சத்தியம் பண்ணுனா. கை வெந்து போச்சுங்க. அப்பவும் நான் நம்பலைங்க. உங்க நாலு சேலையைத்தான் நம்புனேன். பொறந்த ஊட்டுக்கு முடுக்கி உட்டுட்டேன்."

"நானே போயிச் சொல்றேனுங்க" என்றான் வீரபாகு. அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ராசிபுரத்தில் பிறந்த வீட்டு வாசலில் முத்தாயி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, ஏசவும் இல்லை. வலது உள்ளங்கையில் தோல் சுருங்கிக் கிடந்தது, விரல்கள் நிமிரவில்லை.

"மீதிச் சேலையை அளக்க எத்தன நேரமாச்சுங்க?"



"ஒரு மணி நேரமுங்க."