தொங்கு மீசை

எதிர்ப் பட்டறையின் பந்தயக் கார் ஒத்திகை ஓட்டம் முடிந்து பந்தயத் தடத்திலிருந்து உள்ளே வந்தபோது, அக்காக்காரி அதன் மீசையைத்தான் முதலில் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மீசை என்றால் வேறொன்றுமில்லை. காரின் மூக்கில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த தகடு. மேல்நோக்கி முறுக்கி வைத்தால், வருகிற காற்று அதில் ஏறி மூக்கைச் சாலையோடு அழுத்தும். தொங்கவிட்டாலோ அதே காற்று கீழ்ப்பக்கம் இறங்கி மூக்கைத் தூக்கும். முன்சக்கரம் பிடி விடும்.

இதெல்லாம் தம்பிக்காரனுக்குத் தெரியாது. ஓட்டத் தெரியும், பேசத் தெரியும். அவள் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்த வாரத்தில், கார்த் தகடுகளை வடிக்க அவள் இழைத்து இழைத்துச் செய்த அச்சுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு எதிரிலேயே கடை போட்டான். தையல் பிரிக்காத வயிற்றோடு அவள் திரும்பியபோது, அச்சுகள் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் வடிவம் வடிவமாகக் கிடந்தது. அவற்றைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். அழிய அழிய இன்னும் போடுகிறாள். எதிரே பலகை தொங்கியது: ‘எங்கள் சொந்த வடிவமைப்பு.’

அவள் எதை மாட்டினாலும் அடுத்த பந்தயத்தில் அவன் காரிலும் அது முளைக்கும். “நீ தும்மினாக்கூட உன் தம்பி மூக்கைத் துடைச்சுக்குவான்” என்பார் அவள் பட்டறைப் பெயின்டர். அதனால்தான் இந்த முறை தன் காரில் மீசையைத் தலைகீழாக மாட்டி, காரை மூடிய துணியைப் பாதி விலக்கி, கதவையும் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். இன்று காலையில் தன்னுடையதை மட்டும் நேராக்கிக்கொண்டாள்.

அவன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடமே வந்தான். பேச்சு நின்றபின் இதுதான் முதல் முறை.

“அக்கா... வேகம் புடிச்சா ஸ்டீயரிங் பேச்சையே கேக்க மாட்டேங்குது. முன்பக்கம் மிதக்குது.” குரலைத் தாழ்த்தினான். “காத்து எங்கக்கா போகுது?”

சேர்ந்து வேலை செய்த அத்தனை வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி.

“சொந்த வடிவமைப்புதானே? உன் போர்டக் கேளு.”

ஒலிபெருக்கி கார்களைக் கூப்பிட்டதும்தான் அவன் போய்த் தன் காரில் ஏறினான்.

கடைசியாக வரட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். நேர்ச்சாலை முடிவில் வளைவை ஒட்டி நிற்கும் சுவரை நினைக்கவில்லை. நினைக்கவில்லையா? அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கமாட்டான். சைக்கிளிலேயே பிரேக் பிடிக்காதவன்.

விறுவிறுவென்று போனாள். காற்று போகும் பக்கத்தைப் பார்க்க அவள் பையில் வைத்திருக்கும் சிவப்புக் கம்பளி நூலைப் பல்லால் கடித்து, அவன் காரின் மீசை நுனியில் டேப் வைத்து ஒட்டினாள்.

“என்னக்கா இது?”

“மொத சுத்து டயர் சூடேத்த மெதுவாத்தானே போவீங்க? கண்ணு இருந்தா பாரு.”

கார் கிளம்பியது. நூல் முதலில் நாய் வாலாட்டுவதுபோல ஆடியது. பிறகு விறைத்து, தார்ச்சாலையை நோக்கிக் குனிந்து நின்றது. ஹெல்மெட் எந்தப் பக்கம் பார்த்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் திரும்பி வந்தால் மீசையை நிமிர்த்திவிடக் கையில் ஸ்பேனரோடு, சிவப்பு ஒரு புள்ளியாகி வளைவுக்குள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.