நிற்காத எண்கள்

கூட்ட அறையின் பெரிய திரையில் அவள் எழுதிய நிரலைப் போட்டுவிட்டு, நாத்தனார் எல்லோருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டாள். "நேத்து கஸ்டமரோட குளிர்கிடங்கு நின்னுபோனதுக்கு இவ எழுதின இந்த ஃபங்ஷன்தான் சார் காரணம்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுடைய வேலை நிரந்தரமா, இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதா என்பது அந்தக் கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியதும் தெரிந்துவிடும்.

"அண்ணி, அது வந்து..."

"ஆபீஸ்ல மேடம்."

கணவனின் அக்காவை வீட்டில் அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். காலையில் இருவரும் ஒரே காரில் வந்தவர்கள். வேலை வாங்கிக் கொடுத்தவளும் இதே அண்ணிதான். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால்கூட அதைச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் ஜாடியை நகர்த்துவாள்.

சி என்ற கணினி மொழியில், எத்தனை மதிப்பு வரும் என்று முன்கூட்டிச் சொல்லாமலே ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு நிரல் துண்டை, எழுதலாம். மூன்று அறைகளின் வெப்பநிலையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், முப்பது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் எத்தனை வந்தது என்று அதற்குத் தெரியாது. முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் 9999 வைத்தால்தான் நிற்கும். வைக்காவிட்டால், நினைவகத்தில் அடுத்துக் கிடக்கும் குப்பையையும் வெப்பநிலை என்றே நம்பி அள்ளிக்கொண்டு போகும். நிரலில் பிழை பார்க்கும் கம்பைலரும் வாயைத் திறக்காது. இதையெல்லாம் ஃபங்ஷனின் தலைமாட்டிலேயே அவள் எழுதிவைத்திருந்தாள்.

போன வாரம் நான்காவது அறையைச் சேர்த்தது அண்ணி. அவசரத்தில் 9999ஐ அழித்துவிட்டு, அந்த இடத்தில் புது அறையின் வெப்பநிலையை வைத்திருந்தாள். காலையில் காரில் அவள் அதைச் சொன்னபோது, அண்ணி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

அவள் எழுந்துபோய் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னடி பண்றே?" அண்ணியின் குரல் தாழ்ந்தது. "சாயங்காலம் ஒரே வீட்டுக்குத்தான் போகணும். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. அதனாலதான் இங்கேயே முடிச்சிடலாம்னு பார்க்கிறேன், மேடம்."

பொத்தானைத் தட்டத் தட்ட ஒவ்வொரு மதிப்பாகக் காட்டும்படி நிரலை ஓட்டினாள். நான்கு அறைகளும் ஒழுங்காக, உறையும் குளிரில் வந்தன. அடுத்த தட்டலில், கிடங்கிலேயே இல்லாத ஐந்தாவது அறை வந்தது. சூரியனுக்கே வியர்க்கிற வெப்பம். இப்படி ஒன்றை நம்பித்தான் நேற்று கிடங்கு நின்றுபோயிருந்தது.

மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இந்த வரியில கடைசியா கை வச்சது யாரு?"

அவள் பதிலுக்கு இன்னொரு முறை தட்டினாள். ஆறாவது அறை.

"போதும், நிறுத்து," என்றாள் அண்ணி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் மறுபடி இறங்கியது. திரையில் இன்னும் ஓர் அறை திறந்தது.