ஜெசீந்தா ஆழம்

வரதட்சணை வேண்டாம் என்று செலஸ்டின் சொன்னபோது சக்திகுளங்கரை மீன்பிடித் துறைமுகத்தில் ஒருவரும் நம்பவில்லை. மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர். லியோன் அவருக்கு ஒரே மகன். பெண் ஏதோ பெரிதாகக் கொண்டுவருகிறாள் என்றார்கள். கொண்டுவரத்தான் செய்தாள், ஓர் ஆக்சிஜன் மீட்டரை.

ஜெசீந்தா கொச்சியில் கடல் ஆராய்ச்சி செய்கிறவள். எத்தனை பாகத்தில், அதாவது எத்தனை ஆறடி ஆழத்தில், மூச்சுக்காற்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க, நீண்ட கம்பியில் கட்டிய அந்த மீட்டரை லியோனின் படகிலிருந்துதான் இறக்குவாள். காதல் வந்ததும் அந்தப் படகில்தான். ஓணம் கழிந்த வாரத்தில் மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாரு லியோன், நூத்தி எம்பது பாகத்துல இருக்க வேண்டிய சிவப்பு இறால். அங்க மூச்சே இல்ல. எல்லாம் தப்பிச்சு ஏறி வந்து நூறு பாகத்துல நசுங்கி நிக்குது. தீப்பிடிச்ச வீட்டுல ஒரே ஜன்னலுக்கு முண்டுற மாதிரி."

லியோனுக்கு அவள் கண்ணைத் துடைக்கத் தோன்றியது. துடைத்தான். அப்புறம் நூறு பாகத்தில் வலை இறக்கினான்.

மேலே வந்த வலையின் மடி கிழிகிற அளவுக்கு இறால். பாதிக்கு மேல் வயிற்றில் முட்டையோடு. அவள் மீட்டர் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த ஒரு தடவைதான்டி, சத்தியமா" என்றான். நம்பினாள்.

கோயிலில் சம்மதம் கேட்டு நிச்சயம் செய்யும் ஒத்துக்கல்யாணத்தன்று, பங்குச் சாமியார் வருவதற்காகக் கோயில் மண்டபத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். பக்கத்துப் படகுக்காரர் மோரிஸ் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பொண்ணா இது, பொக்கிஷம்! எழுபது படகும் இப்ப ஜெசீந்தா ஆழத்துலதான் வலை போடுது."

"என்ன ஆழம்?"

"உன் பேருதான் வச்சிருக்கோம். நூறு பாகத்துல இறால் நிக்குதுன்னு லியோன் வாட்ஸ்அப் குரூப்புல போட்டானே!"

லியோன் தலைகுனிந்தான். "பெருமையா இருந்துச்சு... அதான் சொல்லிட்டேன்."

சாமியார் உள்ளே வந்து, சம்மதமா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்தாள்.

"ஃபாதர், முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். அந்த இறால் கொழிச்சு வரல, மூச்சு முட்டி வருது. ஆத்துல நாம விடுற கழிவு, வயலுக்குப் போடுற உரம், சூடாகிப்போன தண்ணி, எல்லாம் சேர்ந்து அதுங்களத் துரத்துது. போதாததுக்கு நம்ம வலை அடிச்சேத்தையும் கிளறுது. முட்டையோட அள்ளினா அடுத்த வருஷம் ஒண்ணும் இருக்காது."

செலஸ்டின் நெஞ்சில் கைவைத்தார். நிஜமாகவே அவர் முகம் வாடியது.

"ஐயோ பாவம்! அப்ப அதுங்க அங்க கெடந்து தவிக்கிறதுக்கு, சீக்கிரமா எடுத்துடுறதுதானே மோளே புண்ணியம்?"

மண்டபமே ஆமாம் போட்டது.

"லியோன் இனி அங்க வலை போடக்கூடாது. போட்டா எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"நாம போடலன்னா மோரிஸ் போடுவான்" என்றார் செலஸ்டின்.

"போடுவேன்" என்றார் மோரிஸ், மரியாதையாக.

எல்லோரும் லியோனைப் பார்த்தார்கள். "நான் போடல. குரூப்புல சொன்னது என் தப்பு" என்றான்.

"கழுத்துல மின்னுத்தாலி ஏறல, அதுக்குள்ள பயலுக்கு மூக்கணாங்கயிறு ஏறிடுச்சு!" என்று யாரோ சொல்ல, சிரிப்புக்கு நடுவில் ஒத்துக்கல்யாணம் நடந்தது.

அடுத்த மூன்று வாரம் லியோன் தன் படகைக் கரையோரம் கணவாய் மீன் பிடிக்கக் கொண்டுபோனான். துறைமுகத்தில் அவனைப் பார்த்தவரெல்லாம் "அவ குடுத்த அனுமதிச் சீட்டு இருக்கா?" என்று கேட்டார்கள். செலஸ்டின் மகனோடு பேசுவதை நிறுத்தினார். அவருடைய மற்ற இரண்டு படகுகளும் மற்றவர்களோடு சேர்ந்து ஜெசீந்தா ஆழத்துக்குப் போயின.

நான்காவது வாரம் எல்லா வலையிலும் சேறுதான் வந்தது. சேற்றோடு பிளாஸ்டிக் பைகளும், ஒற்றைச் செருப்பும். ஐந்தாவது வாரமும் அதேதான். டீசல் ஊற்றி மாளாமல் படகுகள் வரிசையாகக் கரையில் நின்றன. நஷ்டமில்லாதவன் லியோன் ஒருவன்தான். கேலி செய்த வாய்கள் உடனே மாறின. "கில்லாடிப்பா! கட்டிக்கப்போறவகிட்டயே சேதி கெடைக்குது" என்றார் மோரிஸ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செலஸ்டின் ஒரு பை கணவாயோடு ஜெசீந்தாவின் வீட்டுக்கு வந்தார்.

"தீரப்போகுதுன்னு தெரிஞ்சுதானே பையன நிறுத்தின?"

"ஆமா மாமா. அத எல்லாருக்கும் கேக்கிற மாதிரிதானே சொன்னேன்."

"அது சரி." குரலைத் தாழ்த்தினார். "அடுத்தது எத்தன பாகம்?"

"அடுத்ததுன்னு ஒண்ணு இல்ல மாமா. கீழ மூச்சு இல்ல. மூச்சு இருக்கிற எடத்துல இறால் இல்ல. அத்தனையும் அள்ளியாச்சு."

சமையலறையில் அவள் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. செலஸ்டின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"புரியுது மோளே, புரியுது. இங்க வச்சுச் சொல்லக்கூடாது. கல்யாணம் முடியட்டும், நம்ம வீட்டுல பேசிக்கலாம்."

இப்படி ரகசியம் காக்கிற மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்ற பூரிப்போடு, அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.