முகத்துவாரத்துத் தண்ணீர்

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில் கேனர் டிண்டால் தன் சொந்தத் தம்பியைப் பற்றிப் போலீசுக்குப் போன் செய்தாள்.

அன்று மாலைதான் தம்பி ரஸ் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். கேனர் சமையலறை மேசையில் எம்.பி. ஜூலியன் ஸ்ட்ரேக்கரின் சிரித்த முகம் அச்சடித்த நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருந்தாள். கடலோர ஊரான ஸ்கார்விக்கில் அவருடைய கட்சிக்காகப் பல தேர்தல்களாகக் கதவு தட்டுகிறவள் அவள். கூட்டம் நடந்தால் நாற்காலி போடுவதும் டீ போடுவதும் அவள்தான். ரஸ் ஆற்று முகத்துவாரத்தில் சாப்பிடுகிற சிப்பி வளர்ப்பவன். வளர்த்தவன் என்பதுதான் சரி. பெருமழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர்க் கம்பெனி ஊர்ச் சாக்கடையை முகத்துவாரத்தில் திறந்துவிடும். அதிகாரிகள் வந்து சிப்பி விற்கக் கூடாது என்பார்கள். தடை நீங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இந்த வசந்தத்தில் அவன் படகையும் விற்றுவிட்டான்.

"இன்னுமா இந்த மூஞ்சியை மடிச்சிட்டிருக்க?" என்றான் ரஸ். அவன் உட்காரவில்லை.

"டீ குடிக்க வந்தியா, சண்டை போட வந்தியா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"சாக்கடையை நிறுத்தணும்னு சட்டம் வந்தப்ப உன் ஆளு எதிர்த்து ஓட்டுப் போட்டான். இப்ப ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டுக் கடற்கரையில நின்னு போட்டோ எடுத்துக்கிறான். வெக்கமா இல்லை?"

"மத்த கட்சிக்காரங்க மட்டும் ரொம்ப யோக்கியமோ?"

"எல்லாம் ஒரே குட்டையில ஊறினவனுங்கதான். நான் யாருக்கும் ஓட்டுப் போட மாட்டேன். ஆனா நீ இவனுக்குத்தானே டீ ஊத்துற?"

"ஊத்துறேன். நம்ம ஊருக்குன்னு பேச ஒருத்தர் வேணும்ல?"

ரஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பிச் சொன்னான்: "நாளைக்கு அவன் கூட்டத்துக்கு நானும் ஹாலுக்கு வரேன். உன் ஆளு வந்த மாதிரியே திரும்பிப் போக மாட்டான்."

அவன் போன பிறகு அவள் போனில் அவனுடைய சமூக வலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "ஸ்ட்ரேக்கர் கணக்கை நாளைக்கு முடிக்கிறேன்" என்று எழுதியிருந்தான். கீழே ஊரே கூடியிருந்தது. பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். பேக்கரிக்காரர், பள்ளிக்கூடத்தில் சமைக்கிற பெண், தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். எல்லாரும் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவன் "கத்தியைத் தீட்டிட்டு வா" என்று எழுதியதற்கு ரஸ் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக வைத்திருந்தான்.

சிப்பி திறக்கும் கத்தி எப்போதும் அவன் சட்டைப் பையில்தான் கிடக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஓட்டுப் போட்ட ஜனங்களைச் சந்திக்கப் போன எம்.பி.க்கள் குத்துப்பட்டுச் செத்த நாடு இது. அவர்களைக் குத்தியவர்களுக்கும் அக்காக்கள் இருந்திருப்பார்கள். தம்பியைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூசியது. இருந்தாலும் போனை எடுத்தாள்.

மெதடிஸ்ட் தேவாலயத்து ஹால் மறுநாள் நிரம்பி வழிந்தது. சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். கதவருகே உள்ளூர் கான்ஸ்டபிள் பிரயோனி, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேனர் சமையலறை ஜன்னல் வழியாக டீயை நீட்டிக்கொண்டே அந்தக் கதவையே பார்த்தாள்.

ஸ்ட்ரேக்கரை இரண்டு வாக்கியம்கூடப் பேசவிடவில்லை.

"மருத்துவமனை கட்டுறேன்னியே, எங்கய்யா?"

"நண்பர்களே, உங்க கோபம் எனக்குப் புரியுது..."

"புரிஞ்சு என்ன பண்ண?"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வாயில் இரண்டு பல் இல்லை. "பல் டாக்டருக்கு ரெண்டு வருஷமா பேரு குடுத்துட்டுக் காத்திருந்தேன். கடைசியில என் பல்லை நானே குறடு வச்சுப் பிடுங்கிக்கிட்டேன். இத்தனை வருஷமா லண்டன்ல உக்காந்துக்கிட்டு நீங்க என்ன பிடுங்கினீங்க?"

ஹால் வெடித்துச் சிரித்தது. ஸ்ட்ரேக்கரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு. சிரிப்பு சட்டென்று அடங்கி, பின்னாலிருந்து யாரோ நாற்காலியைத் தரையில் இடித்தார்கள். மற்றவர்களும் இடிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரஸ் வந்தான். தோளில் கான்வாஸ் பை.

பிரயோனி குறுக்கே நின்றாள். "ரஸ், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. பையைக் காட்டுறீங்களா?"

"எதுக்கு? யாரு என்ன சொன்னா?"

பிரயோனி கதவைத் திறந்து பிடித்தாள். ரஸ் சுற்றிலும் பார்த்தான். கையில் தட்டோடு நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தான். வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளி முற்றத்தில், பின்னாலேயே வந்த கேனரின் கண்முன், அவன் சட்டைப் பையிலிருந்து கத்தி வந்தது.

"இது என் வேலைக் கத்தி. உனக்கே தெரியும், பிரயோனி."

"தெரியும். ஆனா நீங்க இப்ப வேலையில இல்லையே. நேத்து அப்படி எழுதிட்டு இன்னிக்குக் கத்தியோட வந்து நிக்கிறீங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

பையில் ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. அதில் பழுப்புத் தண்ணீர், ஊறிப் பிரிந்த கழிவறைத் தாள், வாய் பிளந்து செத்த இரண்டு சிப்பிகள். "இதைத்தான் அவன் முன்னாடி வைக்கணும்னு வந்தேன்" என்றான் ரஸ். பிரயோனி முகத்தைச் சுளித்து ஜாடியைப் படியில் வைத்தாள். கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டாள். ரஸ் முரண்டு பிடிக்காமல் போலீஸ் காரில் ஏறினான். திட்டியிருந்தால்கூடக் கேனருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

கார் போன பிறகு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு ஜாடியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.

நடுவழியில் அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் ஸ்ட்ரேக்கருக்கு உயிர் வந்தது. "இதோ நம்ம கேனர்! டீ இடைவேளை விட்டுடலாமா?"

கேனர் ஜாடியை அவர் முன்னால் மேசையில் வைத்து மூடியைத் திருகித் திறந்தாள். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"இது முகத்துவாரத்துத் தண்ணி. என் தம்பி கொண்டுவந்தான். அவனால உள்ள வர முடியலை, அதுக்கு நான்தான் காரணம். அதனால அவன் கேக்க வந்ததை நான் கேக்குறேன். இதை நிறுத்தச் சொன்ன சட்டத்துக்கு ஏன் எதிரா ஓட்டுப் போட்டீங்க?"

"கேனர், அது அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை. பல கோணம் இருக்கு..."

"உங்களுக்காக நான் தட்டின கதவுல எல்லாம் இதே பதிலைத்தான் சொன்னேன். முகத்துல அடிச்ச மாதிரி சாத்தினாங்க. ஏன் போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்ட்ரேக்கர் ஜாடியைப் பார்த்தார். களைத்துப்போயிருந்தாரோ என்னவோ, உண்மை வாயிலிருந்து விழுந்துவிட்டது. "கட்சி அப்படிப் போடச் சொன்னது."

முன்வரிசையில் மூக்கைப் பொத்தியிருந்த கைகள் கீழே இறங்கின.

"அப்ப உன்னை எதுக்குய்யா நாங்க அனுப்பினோம்?" என்று ஒரு கிழவர் கத்தினார். அவ்வளவுதான், கூட்டம் எழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. ஒரு கோப்பை பறந்து வந்து சுவரில் உடைந்தது. தடித்த ஆள் ஒருவன் மேசையைத் தள்ளிக்கொண்டு முன்னேறினான். ஸ்ட்ரேக்கரின் உதவியாளன் எப்போது மாயமானான் என்று தெரியவில்லை. ஸ்ட்ரேக்கர் உதடு வெளுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டதைக் கேனர் பார்த்தாள். இதை நினைத்துத்தானே நேற்று மாலை நாம் பயந்தோம் என்று தோன்றியது. தம்பி இங்கே இல்லை. ஆனால் நடக்க இருந்தது நடக்கத்தான் போகிறது.

அவள் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள். "டெஸ், ஒரு அடி வச்சேன்னா பாரு! உன் அம்மா அங்க உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி இந்த ஆளை அடிக்கப் போறியா?"

தடித்தவன் தயங்கினான். அந்தத் தயக்கம் போதுமாயிருந்தது. அவள் ஸ்ட்ரேக்கரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போனாள்.

குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கினார். "நன்றி, கேனர். உன்னை மாதிரி ஆட்கள் இருக்கிறதாலதான் கட்சியே..."

"நிறுத்துங்க" என்றாள். சட்டையில் குத்தியிருந்த கட்சி நிற ரிப்பன் பூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "உங்க உயிர் போகக் கூடாதுன்னுதான் குறுக்க நின்னேன். ஓட்டுக்காக இல்லை."

சாயங்காலம் அவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காரோடு காத்திருந்தாள். ரஸ்ஸை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். கத்தியைத் தரவில்லை. அவன் அவளைத் தாண்டி நடந்து, பஸ் நிறுத்தம் வரை போய், பிறகு திரும்பி வந்து காரில் ஏறினான்.

ஊர் எல்லையைத் தாண்டும்போது ரஸ் கேட்டான்.

"நான் குத்திடுவேன்னு நினைச்சியா?"

"தெரியலை ரஸ். பயமா இருந்தது."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "காலையில கத்தியை எடுத்து மேசை மேல வச்சேன். வேண்டாம்னு தோணிச்சு. அப்புறம் திரும்ப எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஏன்னு இப்ப யோசிச்சாலும் தெரியலை." பிறகு, "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே" என்றான்.

"சரி."

ஓட்டுப் போடும் நாளன்று அவள் தனியாகத்தான் போனாள். வரிசை பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றி நின்றது. பாதி தூரம் நகர்ந்த பிறகு பின்னால் ரஸ் வந்து நிற்பதைப் பார்த்தாள். "போட மாட்டேன்னியே?" என்று கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான்.

ஸ்ட்ரேக்கர் தோற்றார். மறுநாள் காலையில் ரஸ் போன் செய்து அதைச் சொன்னான். குரலில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. முகத்துவாரத்துத் தண்ணீரைப் பற்றி அவளிடமும் கேட்க வேண்டும், புதிதாக ஜெயித்த பெண்மணி ஆபீஸை எங்கே போடப் போகிறாள் என்று விசாரித்தான்.

"பழைய இடத்துலதான் இருக்கும்" என்றாள் கேனர். "நீ தனியாப் போகாதே. நானும் வரேன்."