பீரோவின் முதுகு

இணைய விளையாட்டில் என் ரோபோவின் எடை நூறு டன். அதற்குமேல் ஒரு ஆணி சேர்த்தாலும் விளையாட்டு ஏற்றுக்கொள்ளாது. நான் உள்ளே துப்பாக்கிகளாக அடைத்து, மிச்ச எடைக்குச் சுற்றிலும் கவசம் போட்டிருந்தேன். அது நகர்வதற்குள் விடிந்துவிடும். அதனால் அக்கா அதற்கு பீரோ என்று பேர் வைத்தாள்.

அக்கா வேறு ஊரில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். நான் ஏசி மெக்கானிக். வாரம் முழுக்கப் பேச நேரம் வாய்க்காது. ஞாயிறு மதியம் ஹெட்போனை மாட்டினால்தான் நாங்கள் அக்கா தம்பி. அவளுடைய ரோபோ இருபது டன் கொசு. பீரோவின் பின்னால் நின்று, முதுகில் சுட வருகிறவர்களை விரட்டுவது அவள் வேலை. அணித் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர், பட்டப்பேர் மாத்திரை.

போன ஞாயிறும் பழைய கதைதான். எல்லாத் துப்பாக்கிகளையும் ஒன்றாகச் சுட்டேன். பீரோ சூடேறி அணைந்து நின்றது. எதிரி நிதானமாக வந்து உடைத்துவிட்டுப் போனான்.

"ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைக்கிற. உன் ரோபோவுக்கு ஒரு கூலர் இல்ல," என்றார் மாத்திரை. "துப்பாக்கியக் குறை. வேளைக்கு ஒண்ணு போதும்."

அக்கா சிரிக்கவில்லை. "வர்ற ஞாயிறோட நான் நிறுத்திக்கிறேன்டா. உன் முதுகுல இருக்கிற இரும்புக்கு எவன் சுட்டாலும் ஒண்ணும் ஆகாது. சும்மா நிக்கறதுக்கு நான் தூங்கலாம்."

ஞாயிறும் போய்விட்டால், அவள் குரலைக் கேட்க யாருக்காவது கல்யாணம் ஆக வேண்டும்.

புதன்கிழமை ஒரு வீட்டு மாடியில் ஏசியின் வெளி யூனிட்டைப் பார்த்தேன். வீட்டுக்காரர் அதன் பின்னால் பழைய மெத்தையைத் திணித்து வைத்திருந்தார்.

"பின்னாடி இப்படி அடைச்சா மெஷின் எப்படிங்க மூச்சு விடும்?" என்று கேட்டேன். கேட்ட கேள்வி என்னையே கேட்டது போல இருந்தது.

அன்று சாயங்காலம் பீரோவின் முதுகுக் கவசம் எட்டு டன்னையும் கழற்றினேன். எட்டு டன்னுக்கும் கூலர் மாட்டினேன். ஒரு துப்பாக்கியைக் கழற்றியிருந்தாலும் காரியம் நடந்திருக்கும். வேண்டுமென்றேதான் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை எல்லா ரோபோக்களையும் சரிபார்த்தார். "தம்பி, முதுகுல பூஜ்யம்னு காட்டுது. கை தவறி அழிச்சிட்டியா?"

"இல்லண்ணே. பின்னாடி அக்கா இருக்காளே."

"லூசாடா நீ," என்றாள் அக்கா.

ஆட்டம் பதினெட்டு நிமிடம் நடந்தது. நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. "ரெண்டு பேர் வர்றானுங்க. நீ முன்னாடி பாரு," என்று அவள் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு குண்டு முதுகை உரசி, திரை சிவந்தது. சுட்டவனை அவள் திட்டிய வார்த்தைகள் எங்கள் அம்மாவுக்குத் தெரியாதவை. பீரோ சூடாகவே இல்லை. ஜெயித்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடுத்த வாரம் முதுகுல ஒரு டன்னாவது போட்டு வை," என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "நடுவுல நான் தண்ணி குடிக்க வேணாமா?"

"போட மாட்டேன்," என்றேன். "தண்ணிய நீ பக்கத்துல வச்சுக்க."