பசார் தெரு லோங்காங் வேட்பாளர்

தெலுக் செராய் நாடாளுமன்றத் தொகுதியில் ஆளுங்கட்சி ஜெயித்திருக்கிறது, எதிர்க்கட்சி ஜெயித்திருக்கிறது. ஒருமுறை ஜெயித்தவர் மறுவாரமே கட்சி மாறி, ஓட்டுப் போட்டவர்களைப் பேந்தப் பேந்த முழிக்க வைத்திருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றுதான். ஓட்டுச்சீட்டில் யானைப் படத்துக்குப் பக்கத்தில் இயோ போ செங் என்ற பெயர் இருக்கும். எண்ணி முடித்தால் அந்தப் பெயர் கடைசியில் இருக்கும்.

போ செங்குக்கு பசார் தெருவில் சைக்கிள் கடை; ஊருக்கு அவர் தவுக்கே, அதாவது கடை முதலாளி. மேலே வீடு. வாசலில் லோங்காங். நல்ல மழை பெய்தால் அந்தச் சாக்கடைத் தண்ணீர் படியேறிக் கடைக்குள் வந்து சைக்கிள்களை நனைத்துவிட்டு, தன் இஷ்டப்படி வெளியே போகும். இளவயதில் அவர் நகராண்மைக் கழகத்தில் போய்ப் புகார் சொன்னபோது, அங்கே இருந்தவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "இதெல்லாம் எம்.பி. பாக்கணும்லா" என்று சொல்லி அனுப்பினார். விளையாட்டாகச் சொன்னதை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்த வருஷமே சுயேச்சையாக வேட்புமனு போட்டுவிட்டார். லோங்காங்கை அகலப்படுத்த வேண்டும். அவருடைய கொள்கை அவ்வளவுதான்.

முதல் தேர்தலில் எழுபத்து நான்கு ஓட்டு. ஈயச்சுரங்கம் மூடிய வருஷம், எல்லார் மேலும் கோபமாக இருந்த ஊர் இவருக்கு இருநூற்றுச் சொச்சம் போட்டது. எதிர்க்கட்சி அலை அடித்த வருஷம் முப்பத்தெட்டு. அப்புறம் வந்தது அவருடைய பொற்காலம். வாக்களிப்பு நாளன்றே பேய்மழை கொட்டி, லோங்காங் பொங்கி, ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புகுந்தது. ஜனங்கள் சிலுவார்க் காலைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அன்றைக்கு யானைக்கு முந்நூற்றாறு.

அதே தேர்தலில்தான் எதிர்க்கட்சி வேட்பாளர் சல்மா டீச்சர் ஆளுங்கட்சி டத்தோ ருஸ்லானிடம் நாற்பத்தோரு ஓட்டில் தோற்றார். டீச்சருக்கு வீடு லோங்காங்குக்கு எதிர்ப்பக்கம். கணக்கு டீச்சர் வேறு. முந்நூற்றாறையும் நாற்பத்தொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், அன்றிலிருந்து போ செங் வீட்டாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பேரப்பிள்ளையின் சைக்கிள் டியூப் பஞ்சரானால்கூடப் பக்கத்து ஊருக்குத் தள்ளிக்கொண்டு போவார்.

இந்தச் சரித்திரம் முழுவதிலும் போ செங்கை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் அவர் மனைவி கிம் சூன். ஒவ்வொரு முறையும் "இதான் கடைசி" என்று சொல்லித்தான் போடுவாள். ஒன்பதாவது தடவையும் அப்படித்தான் சொல்லிவிட்டு, துவைத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் புருஷனுக்கு எடுத்துக் கொடுத்து, வேட்புமனு நடந்த பொது மண்டபத்துக்குக் கூடவே போனாள். வழிமொழிய எதிர்வரிசைச் சலவைக் கடைக்காரர் சிகாமணி வந்திருந்தார். மற்ற வேட்பாளர்கள் எல்லாரும் மனுவை முன்கூட்டியே தேர்தல் அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்கள். போ செங் காட்டவில்லை. "எனக்கே பாடமா? அந்த ஆபீசருங்க பொறக்கும்போதே நான் வேட்பாளர்லா" என்றார்.

அந்த மிதப்புக்குப் பதில் மேசைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது. இளம் அதிகாரி தாளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், கிம் சூனைப் பார்த்தார்.

"அங்கிள், ஆன்ட்டி ஓட்டு இங்க இல்லையே."

"எங்க போச்சு? போன தடவை இங்கதான் இருந்துச்சு."

"தொகுதி எல்லையை மாத்தி வரைஞ்சிட்டாங்க அங்கிள். நீங்களும் ஆன்ட்டியும் இப்போ பாரிட் லாலாங் தொகுதி. நீங்க எந்தத் தொகுதியிலயும் நிக்கலாம், அதுல பிரச்சினை இல்ல. முன்மொழியுறவங்க இந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும்."

சிகாமணி மெதுவாகக் கேட்டார். "துவான், அப்போ நானு?"

"நீங்க இங்கதான். எதிர்வரிசை அப்படியே இருக்கு. அந்தத் தெருவுல ஒரு லோங்காங் இருக்காம். அதுதான் எல்லைக்கோடு." அதிகாரி வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்.

போ செங் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் எந்த அரசாங்கமும் திரும்பிப் பார்க்காத லோங்காங், பெரிய வரைபடத்தில் சிவப்பு மையில் அழகாக ஓடியது. முகத்தில் பெருமை வந்த மாதிரி இருந்தது. அடுத்த கணமே ஈயாடவில்லை. பத்து மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அதிக நேரம் இல்லை.

பக்கத்து மேசையில் டத்தோ ருஸ்லான் தன் மனுவைக் கொடுத்துவிட்டு ஹாயாக உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சி ஓட்டை உடைக்கும் யானை இல்லாவிட்டால் அவருக்கும் கஷ்டம்தான்.

"என்ன தவுக்கே, ஆள் பத்தலையா? என் டிரைவர் வெளிய நிக்கிறான். இந்தத் தொகுதிதான். கூப்பிடவா?"

போ செங் நிமிர்ந்தார். அவரை டத்தோவின் கைக்கூலி என்று பேசாத கோப்பிக் கடை ஊரில் கிடையாது. "வேண்டாம் டத்தோ. நான் தோத்தாலும் சொந்தமா தோத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் பித்தானை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டார்.

கிம் சூனுக்கு அப்போது வந்திருக்க வேண்டியது நிம்மதி. இத்தனை காலமாக வேண்டிக்கொண்டது தானாகவே நடக்கிறது. இனி பிரசாரம் என்று கடையைப் பூட்டிவிட்டுச் சுற்ற மாட்டார், ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட மாட்டார். ஆனால் அவள் கண் அந்தப் பித்தான் விரல்களை விட்டு நகரவில்லை. எட்டுத் தடவை தோற்று வந்தவரை அவள் பார்த்திருக்கிறாள். எட்டுத் தடவையும் சிரித்துக்கொண்டே வந்து கோப்பி கேட்பார். இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

அவள் செருப்பைச் சரி பண்ணிக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கொடி, இந்தப் பக்கம் ஒரு கொடி. தெரிந்த முகங்கள்தான். ஆனாலும் கட்சிச் சட்டை போட்டவன் எவனும் யானைக்குக் கையெழுத்துப் போட வர மாட்டான். மீன்காரன் வானத்தைப் பார்த்தான். ரொட்டிக்காரன் செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். முன்வரிசையில், தன் பழைய மாணவன் ஃபைருஸ் எதிர்க்கட்சி வேட்பாளராக நிற்பதைப் பார்க்க வந்த சல்மா டீச்சர் கொடியோடு நின்றிருந்தார்.

கிம் சூன் நேராக அவரிடம் போனாள்.

"டீச்சர், ஒரு கையெழுத்து வேணும்."

பேச்சு நின்று போன வீட்டிலிருந்து வந்த முதல் வார்த்தை. டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"யாருக்கு? உன் புருஷனுக்கா? முந்நூத்தாறுல வெறும் நாப்பத்திரெண்டு ஓட்டு எனக்கு விட்டிருந்தா நான் பார்லிமெண்டுல உக்காந்திருப்பேன். இப்போ நானே வந்து கையெழுத்துப் போடணுமா? ரொம்ப நல்லாருக்கு உங்க நியாயம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிம் சூனுக்கு மூச்சு வாங்கியது. அவள் யாரிடமும் சொல்லாதது வாயிலிருந்து வந்தே விட்டது.

"அந்த முந்நூத்தாறுல என் ஓட்டு இல்ல டீச்சர். நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

கொடி தாழ்ந்தது. "என்ன சொன்னே?"

"உங்களுக்குத்தான். தண்ணியில நின்னுக்கிட்டு."

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வந்தது சிரிப்பு. கண்ணாடி நழுவ, கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் ஒருநாளும் சிரித்திராத டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அலாமாக்! பொண்டாட்டி ஓட்டுகூட இல்லாத மனுஷன் மேலயா நான் இத்தனை வருஷம் கோவமா இருந்தேன்! நட, நட, மணியாகுது."

மண்டப வாசலில் ஃபைருஸ் பதறிக்கொண்டு வந்தான். "டீச்சர், அவர் நம்ம ஓட்டைப் பிரிச்சிடுவாரு!"

"சைக்கிள் கடைக்காரரைப் பாத்தே பயந்தா பார்லிமெண்டுல யாரைப் பாத்துடா பேசப்போறே? வழிவிடு. இவர் பேர் இல்லாம என்ன ஓட்டுச்சீட்டு அது?"

டீச்சர் புது மனுவில் அடையாள அட்டை எண்ணையும் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் சிகாமணி போட்டார். அதிகாரி முத்திரை குத்தி முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. போ செங் எழுந்து டீச்சருக்கு நன்றி சொல்லப் போனார். தலையை மட்டும் பலமுறை ஆட்டினார். டீச்சர் கையை உதறினார். "நன்றியெல்லாம் பொண்டாட்டிக்குச் சொல்லுங்க தவுக்கே. அவ என்கிட்ட என்ன சொன்னான்னும் கேளுங்க."

வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் கேட்டார். அவளும் மறைக்கவில்லை.

போ செங் வேகமாக முன்னால் நடந்தார். லோங்காங் ஓரம் வந்ததும் நின்றார்.

"அந்தத் தடவை மட்டுமா?"

"எல்லாத் தடவையும்தான்."

"எட்டுத் தடவையுமா? ஒரு ஓட்டுகூட எனக்கு இல்லையா, ஆ சூன்?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு ஓட்டுப் போட்டவங்க எல்லாரும் நீ எப்படியும் தோத்துடுவேன்னு தெரிஞ்சுதான் போட்டாங்க, ஆ செங். நீ ஜெயிச்சு கோலாலம்பூர் போயிடுவியோன்னு பயந்தது இந்த ஊருலயே நான் ஒருத்திதான்."